பெரிய தக்காளி ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 கிராம் எடைக்குக் காய்க்கும் ஒரு பெரிய தக்காளி ரகத்தையும், 12 கிராம் எடையுள்ள, கற்கண்டாய் இனிக்கும் ஒரு செர்ரித் தக்காளியையும் கலந்து விதை எடுத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே, நூறு கிராம் வாக்கில் காய்க்கும் என்று எதிர்பார்த்தீர்கள். காய்த்ததோ 50 கிராம். இனிப்பும் செர்ரி அளவுக்கு இல்லை. எங்கே தவறினேன், பெரிதாகவும் ருசியாகவும் ஒரு தக்காளி வரவே வராதா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எங்கும் தவறவில்லை. 50 கிராம் என்பது கணக்குப்படி வர வேண்டிய எடைதான். தக்காளியில் முதல் தலைமுறைக் கலப்பின் காய் எடை, பெற்றோரின் எடைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதில்லை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய வரும். 200-ஐ 12-ஆல் பெருக்கினால் 2,400, அதன் வர்க்கமூலம் 49. மக்ஆர்தர், பட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1938-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். காரணமும் எளிதுதான். காயைப் பெரிதாக்கும் மரபணுக்கள் ஆளுக்கு இத்தனை கிராம் என்று கூட்டுவதில்லை, இருப்பதை இத்தனை மடங்காகப் பெருக்குகின்றன. 30 விழுக்காடு கூட்டும் ஒரு மரபணு 10 கிராம் காயில் 3 கிராமைத்தான் சேர்க்கும். அதே மரபணு 100 கிராம் காயில் 30 கிராம் சேர்க்கும். கூடவே, ஒரே மரபணு ரகத்துக்கு ரகம் சற்று மாறிய வடிவங்களில் இருக்கும். பெரிய காய்க்கான சில வடிவங்கள் ஒடுங்குதன்மை கொண்டவை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வேலை முழுதாகத் தெரியும். அதனால் முதல் தலைமுறை எப்போதும் சின்னதன் பக்கமே சாயும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பேச வேண்டும். அளவும் சுவையும் மோதுவது உண்மை. ஆனால் அந்த மோதலில் ஒரு பாதிதான் இயற்கையின் கட்டாயம். மறுபாதி மனிதர்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால், அடுத்து எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அளவு. இன்றைய தக்காளியின் காட்டு மூதாதை சொலானம் பிம்பினெல்லிஃபோலியம். பெரு, எக்வடார் நாடுகளில் இன்றும் தானாக முளைத்துக் கிடக்கிறது. பட்டாணியைவிடச் சற்றே பெரிய பழம், எடை ஒன்றிரண்டு கிராம். குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டே அறைகள். அங்கிருந்து செர்ரி வகைகள் வந்தன. அவை வடக்கே மெக்சிகோ வரை போய், அங்கேதான் பெரிய காயாக முழு உருவம் பெற்றன. இன்றைய பெரிய ரகங்கள் அந்த மூதாதையைப் போல நூறு மடங்குக்கும் மேல் எடை கொண்டவை. ஆச்சரியம் என்னவென்றால், இந்த நூறு மடங்கின் பெரும்பகுதியை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய மரபணு மாற்றங்களே செய்து முடித்திருக்கின்றன.

அவற்றில் முதலில் பிடிபட்டது எஃப்.டபிள்யூ 2.2. இரண்டாவது குரோமோசோமில் இருக்கும் காய் எடை மரபணு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லியின் குழு 2000-இல் அதைப் பிரித்தெடுத்தது. பயிர்களில் அளவு, மகசூல் போன்ற பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகளில், ‘இதோ இந்த மரபணுதான்’ என்று விரல் வைத்துக் காட்டிய முதல் சில வெற்றிகளில் அது ஒன்று. காட்டுச் செடியில் இருந்த வடிவத்தை எடுத்துப் பெரிய காய் ரகத்துக்குள் புகுத்தினார்கள். காய் சிறுத்துப்போனது. இந்த ஒரே மரபணு காய் எடையை 30 விழுக்காடு வரை மாற்றும். அது செய்யும் வேலை பிஞ்சில் செல்கள் பிரிவதற்குக் கடிவாளம் போடுவது. காட்டு வடிவம் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கிறது, பெரிய காய் வடிவம் தளர்த்திவிடுகிறது. இரண்டிலும் உருவாகும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றேதான். எப்போது, எவ்வளவு உருவாக வேண்டும் என்று சொல்லும் பகுதியில்தான் மாற்றம்.

அடுத்த இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை. எல்சி, ஃபாஸ் என்பன அவற்றின் பெயர்கள். இவை செல்களின் எண்ணிக்கையை நேரடியாகத் தொடுவதில்லை, காய்க்குள் எத்தனை அறைகள் என்பதைத் தீர்மானிக்கின்றன. பூ உருவாகும் குருத்து நுனியில் எப்போதும் ஒரு இழுபறி நடக்கிறது. வுஷல் என்ற மரபணு ‘இன்னும் செல்கள் வேண்டும்’ என்கிறது. கிளாவாட்டா-3 என்ற மரபணு ‘போதும், நிறுத்து’ என்கிறது. இந்த இழுபறியில் குருத்து எவ்வளவு அகலமாகிறதோ அவ்வளவு சூலறைகள் பூவில் உண்டாகும். எல்சி என்பது வுஷல் மரபணு முடிந்து ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகள் (டி.என்.ஏ இழையில் வரிசையாக நிற்கும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) தள்ளி நடந்த இரண்டே இரண்டு எழுத்து மாற்றம். அதனால் ‘வேண்டும்’ என்ற குரல் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒலிக்கிறது. ஃபாஸ் விஷயம் அதைவிட முரட்டுத்தனமானது. பதினோராவது குரோமோசோமில் 2,94,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. உடைந்த இடம் கிளாவாட்டா-3 எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்று சொல்லும் இயக்குப் பகுதியில் அமைந்துபோனதால் ‘போதும்’ என்ற குரல் கம்மிவிட்டது. முதலில் இதற்கு வேறொரு மரபணுதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். 2015-இல் தாவர மரபியலாளர் ஸாக் லிப்மனின் குழுதான் உண்மையைக் கண்டுபிடித்துத் திருத்தியது.

எல்சி தனியாக இருந்தால் மூன்று நான்கு அறைகள் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் எட்டு, பத்து என்று போகும். பழைய பெரிய ரகங்களில் பழம் பூசணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு உடனே பயன்படும் ஒரு குறிப்பு இதில் இருக்கிறது: ஃபாஸ் உள்ள செடியைக் காய்க்கும் முன்பே, பூவிலேயே அடையாளம் காணலாம். ஐந்தாறு இதழ்களுக்குப் பதிலாக ஏழு, எட்டு என்று கூடுதலாக இருக்கும்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். எஃப்.டபிள்யூ 3.2 என்பது க்ளூ என்ற மரபணு. சுமார் 50,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி இரட்டிப்பாகி, இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி கிடைத்துவிட்டது. அதனால் பழச்சதையில் செல் அடுக்குகள் கூடுகின்றன. இது 2020-இல், நூறு தக்காளி வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட பிறகே தெளிவானது. எஃப்.டபிள்யூ 11.3-இல் 1,400 எழுத்துகள் உதிர்ந்துபோய், ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகப் பருக்கிறது. சன், ஓவேட் என்று இன்னும் இரண்டு உண்டு. அவை காயின் உருவத்துக்கானவை. நீளத் தக்காளியும் பேரிக்காய் வடிவத் தக்காளியும் அவற்றின் கைவேலை. எடைக் கணக்கில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, இவை அத்தனையும் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் என்பதுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தோட்டத்தில் நடந்து போகும்போது, ஒரு செடியில் மட்டும் காய் பெரிதாக இருப்பதைப் பார்த்திருப்பார். விதையை எடுத்து வைத்திருப்பார். அவ்வளவுதான் தேவை. தராசுகூட வேண்டாம்.

சுவைக்கு இந்த வசதி இல்லை.

நாம் தக்காளி ருசி என்று சொல்வதில் மூன்று பங்காளிகள்: சர்க்கரை, புளிப்பு, மணம். சர்க்கரை என்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏறக்குறைய சம அளவில். புளிப்பு பெரும்பாலும் சிட்ரிக் அமிலம், கொஞ்சம் மாலிக் அமிலம். குளூட்டமேட் என்ற அமினோ அமிலமும் உண்டு. நாக்கில் ஒரு கனமான ருசியை நிறுத்துவது அதுதான். அது சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் அதிகம், புளிப்பும் அப்படியே. அதனால் விதைக்கூழை வழித்து எறிந்துவிட்டுத் தக்காளிக்கு ருசி இல்லை என்று குறைபட்டுக்கொள்பவர்களிடம் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை.

சர்க்கரையில்தான் அந்த இயற்கையின் கட்டாயம் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழச்சாற்றில் கரைந்துள்ள பொருளின் அளவைப் பிரிக்ஸ் என்ற அளவையில் சொல்வார்கள். பெரிய ரகங்களில் அது 4 அல்லது 5 இருக்கும், நல்ல செர்ரியில் 8, 9 வரை போகும். 5 பிரிக்ஸ் உள்ள 200 கிராம் பழத்தில் கரைபொருள் சுமார் 10 கிராம். அதே பழத்தை 9 பிரிக்ஸுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 18 கிராம் வேண்டும். கூடுதலான அந்த 8 கிராமை இலைகள்தான் வெயிலில் நின்று சமைத்துத் தர வேண்டும். ஒரு பழத்துக்கு மட்டுமில்லை, செடியில் தொங்கும் அத்தனை பழங்களுக்கும். இலையின் பரப்பு கூடாமல், வெயில் கூடாமல் அது எங்கிருந்து வரும்? காய் பெரிதாகும்போது கூடுவதில் பெரும்பகுதி தண்ணீர். பாலில் தண்ணீர் கலந்த கதைதான். காய்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் மீதிக் காய்கள் கொஞ்சம் இனிக்கும், ஆனால் மகசூல் போகும். மகசூலுக்குத்தான் காசு என்னும்போது, தக்காளி வளர்ப்பவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கட்டாயத்துக்குள்ளும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. 1962-இல் பெருவில் தாவரம் சேகரிக்கப் போன ஹியூ இல்டிஸும் டொனால்டு உஜெண்டும் பச்சையும் வெளுப்புமாகக் காய்த்திருந்த, பார்க்கவே ஆசை வராத ஒரு காட்டுத் தக்காளியின் விதையை எடுத்து, கலிஃபோர்னியாவில் இருந்த சார்லஸ் ரிக்குக்கு அனுப்பிவைத்தார்கள். தக்காளி மரபியலில் ரிக் ஒரு தாத்தா மாதிரி. காட்டுத் தக்காளிகளைத் தேடி ஆண்டீஸ் மலைத்தொடர் முழுக்க அலைந்தவர். அந்த விதை பின்னால் தனி இனமாக அறிவிக்கப்பட்டு, சொலானம் க்மீலெவ்ஸ்கி என்று இன்று அழைக்கப்படுகிறது. ரிக் அதைச் சாகுபடி ரகத்தோடு கலந்து, பிறந்ததை மறுபடி மறுபடி சாகுபடி ரகத்தோடே சேர்த்துக்கொண்டு போனபோது, பழத்தின் கரைபொருள் கணிசமாகக் கூடிய செடிகள் வந்தன. பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் ஒரு கேவலமான காய்க்குள் இனிப்பைக் கூட்டும் மரபணு ஒளிந்திருந்தது. அதன் ஒரு துண்டு வேறொரு வீட்டுக்குப் போனதும் வேலையைக் காட்டுகிறது.

இஸ்ரேலில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் டானி ஸமீர் இதையே முறைப்படி செய்தார். சொலானம் பென்னெல்லி என்ற இன்னொரு பச்சைக்காய் இனத்தின் மரபணுத் தொகுதியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சாகுபடிச் செடிக்குள் வைத்து, எந்தத் துண்டு என்ன செய்கிறது என்று பார்த்தார். ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு துண்டு பிரிக்ஸைக் கூட்டியது. நெருங்கிப் போய்ப் பார்த்தால் அது லின்-5 என்ற மரபணு. இலையிலிருந்து வந்து சேரும் சுக்ரோஸைக் காயின் வாசலிலேயே உடைத்து உள்ளே இழுக்கும் நொதியை உருவாக்குவது. காட்டு வடிவத்துக்கும் சாகுபடி வடிவத்துக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் முக்கிய வித்தியாசம். அதனால் இழுக்கும் பலம் கூடுகிறது. ஆக, சர்க்கரை முழுக்க முழுக்க இலையின் கையில் இல்லை, காய் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதும் கணக்கில் வரும். ஆனால் இந்த நெகிழ்வுக்கு ஒரு எல்லை உண்டு. 200 கிராமில் செர்ரி இனிப்பு என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இனி மணம். என் கருத்தில் உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

தக்காளியில் ஆவியாகி மூக்குக்கு வரும் பொருட்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் இருபது முப்பதுதான் ருசியில் உண்மையாகப் பங்குபெறுகின்றன. அவை மூன்று நான்கு வழிகளில் உருவாகின்றன. கொழுப்பு அமிலம் உடைந்தால் பச்சைப் புல் மாதிரியான புது வாசனை. ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ரோஜா மாதிரி ஒன்று, மருந்து வாடை மாதிரி இன்னொன்று. மற்ற சில அமினோ அமிலங்களிலிருந்து கனமான, மண் கலந்த மணங்கள். அப்புறம் நிறமிகள். தக்காளியைச் சிவப்பாக்கும் லைகோபீன் உடையும்போது எலுமிச்சை சாயலுள்ள ஜெரானியலும், பழவாசனை தரும் வேறு சிலவும் உண்டாகும். பீட்டா-கரோட்டின் உடையும்போது பீட்டா-அயோனோன். ஆக, நிறம் வேறு, மணம் வேறு இல்லை. மஞ்சள் சதைத் தக்காளிகளில் நிறமி ஆலையின் முதல் படியே பழுதாகிக் கிடப்பதால் இந்த வகை மணங்களும் மிகக் குறைவு. அதன் ருசி சிவப்பிலிருந்து வேறுபடுவது மனப்பிரமை இல்லை.

இந்தப் பொருட்களின் அளவைப் பார்த்தால் தலை சுற்றும். பீட்டா-அயோனோனைத் தண்ணீரில் கலந்தால், பத்து லட்சம் டன் தண்ணீருக்கு 7 கிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இதற்கு எத்தனை இலைகள் உழைக்க வேண்டும்? கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி க்ளீ, டெனிஸ் டீமன் குழு 2012-இல் பலவகைத் தக்காளிகளை மக்களுக்குக் கொடுத்துச் சுவைக்கச் சொல்லி, அந்த மதிப்பெண்களைப் பழத்தின் வேதிப்பொருட்களோடு ஒப்பிட்டது. ஒரே அளவு சர்க்கரை உள்ள இரண்டு பழங்களில் ஒன்று இன்னொன்றைவிட இனிப்பாகத் தெரிந்தது. வித்தியாசம் மணத்தில் இருந்தது. மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்கு ஏறும் சில மணங்களை மூளை இனிப்போடு சேர்த்துக் கணக்கெழுதிவிடுகிறது. சர்க்கரையைக் கூட்ட இலை உழைக்க வேண்டும், மகசூல் குறைய வேண்டும். மணத்தைக் கூட்ட அப்படி எந்தச் செலவும் இல்லை. ஆக, அளவும் சர்க்கரையும் மோதுவது இயற்கை. அளவும் மணமும் மோதியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

அப்படியானால் பெரிய ரகங்களில் மணம் எங்கே போனது? அதே குழு, சீனாவின் சான்வென் ஹுவாங் குழுவோடு சேர்ந்து 2017-இல் 398 தக்காளி வகைகளின் மரபணுத் தொகுதியை வாசித்தது. ருசிக்கு முக்கியமான மணப்பொருட்களில் 13, பழைய ரகங்களோடு ஒப்பிட்டால் நவீன ரகங்களில் தெளிவாகக் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று ஒழித்துக்கட்டவில்லை. ரக உருவாக்கத்தில் எடை, கெட்டித்தன்மை, நோய் எதிர்ப்பு, பயணத்தில் நசுங்காமை எல்லாம் அளக்கப்பட்டன, மணம் அளக்கப்படவில்லை. அளக்காத பண்பு தலைமுறைக்குத் தலைமுறை குலுக்கல் சீட்டு மாதிரிதான். இருபது மணங்களுக்கு நல்ல வடிவங்கள் இருந்தால், ஒவ்வொரு கலப்பிலும் இரண்டு மூன்று தவறி விழும். ஒரு மணம் போனால் யாருக்கும் தெரியாது. பத்துப் போன பிறகுதான் ‘என்னமோ குறைகிறதே’ என்று தோன்றும்.

சில இழப்புகளுக்கு மட்டும் குறிப்பான குற்றவாளி உண்டு. பழைய ரகக் காய்களில் காம்பைச் சுற்றித் தோள்பகுதி கரும்பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை பழுக்கும்போது சில நேரம் மஞ்சள் திட்டாக நின்றுவிடும். அது பிடிக்காமல், சீராக வெளிர்பச்சையில் இருந்து சீராகச் சிவக்கும் காய்களை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல் டேவிஸ் நகர கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் பவல் குழு அதன் காரணத்தைக் கண்டுபிடித்தது. காயில் பச்சையத்தைப் பெருக்கும் ஜி.எல்.கே-2 என்ற மரபணு அந்த ரகங்களில் உடைந்து கிடந்தது. இலைக்கு அதன் உடன்பிறப்பான ஜி.எல்.கே-1 போதும் என்பதால் செடியில் எந்தக் குறையும் தெரியவில்லை. காயில் மட்டும் பச்சையம் குறைந்தது, பழுக்கும்போது சர்க்கரையும் நிறமியும் கொஞ்சம் குறைந்தன. அழகுக்காகக் கொடுத்த விலை அது. உங்கள் தோட்டத்தில் தோள் கறுத்த காய் வந்தால் பழுதென்று ஒதுக்காதீர்கள்.

நீண்ட நாள் கெடாமல் இருக்கும் வீரிய ஒட்டு ரகங்களில் இன்னொன்று: ரின் என்ற பழுக்கவிடாத மரபணு வடிவத்தின் ஒரு பிரதி. இரண்டு பிரதி இருந்தால் காய் சிவக்கவே சிவக்காது. ஒரு பிரதி இருந்தால் மெதுவாகப் பழுத்துப் பல நாள் தாங்கும். மணம் உண்டாவதும் பழுத்தலின் ஒரு பகுதிதான் என்பதால் அதுவும் சேர்ந்து மந்தமாகிறது. நீங்கள் கலப்புக்கு எடுத்த பெரிய ரகம் இந்த வகை ஒட்டு ரகமாக இருந்தால், அடுத்த தலைமுறையில் சில செடிகள் பழுக்காமல் நின்று உங்களைக் குழப்பும். சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது விதம்தான் ருசிகரமானது: ஒட்டிக்கொண்டு வந்தவை. ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தனியாகப் பிய்த்து எடுக்க முடியாது, குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் இருப்பதும் சேர்ந்தே வரும். 2018-இல் நூற்றுக்கணக்கான தக்காளி வகைகளில் பழத்தின் வேதிப்பொருட்களை அளந்து பார்த்தபோது, பெரிய காய் மரபணுக்களைத் தேர்ந்தெடுத்த இடங்களிலெல்லாம் பக்கத்து மரபணுக்களும் சேர்ந்து மாறி, பழத்தின் வேதியியலே திரும்பியிருப்பது தெரிந்தது. அளவுக்கும் அந்த வேதிப்பொருளுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்பது மட்டும்தான்.

டாம்லாக்ஸ்-சி என்ற மரபணுவின் கதையும் கேட்கத் தகுந்தது. மணப்பொருட்களை உண்டாக்குவதில் பங்குள்ளது. 2019-இல் 725 தக்காளிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, அதன் இயக்குப் பகுதியில் ஒரு தனி வடிவம் காட்டுத் தக்காளிகளில் 91 விழுக்காட்டில் இருந்தது. பழைய பெரிய ரகங்களில் 2 விழுக்காடுதான். நவீன ரகங்களில் 7 விழுக்காடு. ஆமாம், நவீனத்தில்தான் கூடுதல். நோய் எதிர்ப்புக்காகக் காட்டு இனங்களோடு மறுபடி கலந்தபோது அது திரும்பி உள்ளே வந்திருக்கலாம். பழைய ரகம் என்றாலே ருசி, புதியது என்றாலே சக்கை என்ற நம்பிக்கையை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். பழைய ரகங்களிலும் சப்பென்ற தக்காளிகள் தாராளமாக உண்டு.

பறித்த பிறகு நடப்பதையும் மரபணுவோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பழுத்த தக்காளியை 5 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் வைத்தால் சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருக்கும், மணம் விழுந்துவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது. மணத்தை உண்டாக்கும் மரபணுக்களின் இயக்குப் பகுதிகளில் குளிர் வேதி முத்திரைகளைக் கூட்டி, அவற்றைப் பூட்டிவிடுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். ஆக, நீங்கள் ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போகும் பழத்தைத் தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வைத்தால் சோதிப்பது செடியை அல்ல, ஃபிரிட்ஜை.

சரி, கையில் 50 கிராம் தக்காளி இருக்கிறது. இனி என்ன செய்வது?

முதல் தலைமுறைப் பழத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதில் எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதன் விதையை விதைத்தால் வரும் இரண்டாம் தலைமுறையில்தான் சீட்டுக்கட்டு கலைந்து விழும். அங்கே எண்ணிக்கை முக்கியம். பெற்றோர் இருவரும் நான்கு அளவு மரபணுக்களில் வேறுபடுகிறார்கள் என்று வையுங்கள். நான்கிலும் பெரிய வடிவம் இரட்டையாக அமைய வாய்ப்பு 256-இல் ஒன்று. அப்படி ஒரு செடியாவது நிச்சயம் இருக்க வேண்டும் என்று 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமென்றால் 770 செடி வாக்கில் நட வேண்டும். அதோடு மூன்று மண மரபணுக்களும் அமைய வேண்டும் என்றால் வாய்ப்பு 16,384-இல் ஒன்று. நடக்கிற காரியமில்லை. எஃப்.டபிள்யூ 2.2-உம் எல்சியும் ஒரே குரோமோசோமில், ஃபாஸும் 11.3-உம் ஒரே குரோமோசோமில் இருப்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சாதகமாக இருக்கும். செர்ரி ரகங்கள் பலவற்றில் எஃப்.டபிள்யூ 2.2-இன் பெரிய வடிவம் ஏற்கெனவே இருப்பதும் உங்களுக்கு லாபம். இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே தலைமுறையில் பிடிக்கப் பார்ப்பது வீண்.

நான் செய்வதானால் இப்படிச் செய்வேன். இரண்டாம் தலைமுறையில் இடம் கொள்ளும் அளவுக்கு, ஐம்பது அறுபது செடியாவது நடுவேன். அளவைப் பற்றிக் கவலைப்படாமல் நாக்கை மட்டும் நம்பி நாலைந்து செடி தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால் அறை எண்ணிக்கையைப் பின்னால் எந்தப் பெரிய ரகத்திலிருந்தும் வாங்கிக்கொள்ளலாம், பூவைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். மணக்கூட்டு ஒரு முறை சிதறினால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. அப்புறம் அந்த ருசியான செடிகளில் ஒன்றைப் பெரிய ரகத்தோடு ஒரு முறை மறுபடி கலந்து, அதன் பேரப்பிள்ளைகளில் ருசியையும் அளவையும் சேர்த்துத் தேடுவேன். இலக்கை 200 கிராமில் வைக்க மாட்டேன். 70, 80 கிராமில் நல்ல மணமும் 6, 7 பிரிக்ஸும் வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

ருசி பார்ப்பதிலும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். எல்லாச் செடியிலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கொத்திலிருந்து, செடியிலேயே முழுக்கச் சிவந்த பழம். பெருமழை பெய்த மறுநாளும் தண்ணீர் கட்டிய மறுநாளும் வேண்டாம். ஒரே நேரத்தில் ஏழெட்டுக்கு மேல் சுவைத்தால் நாக்கு மரத்துப்போகும். கூடவே ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருந்தால் பிரிக்ஸைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். பிரிக்ஸ் ஒன்றாக இருந்தும் ஒரு பழம் மட்டும் இனிப்பாகத் தெரிகிறதா? அந்தச் செடியை விடாதீர்கள். நான் மேலே சொன்ன மண மரபணுக்கள் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மரபணுத் திருத்தம் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2018-இல் பிம்பினெல்லிஃபோலியம் காட்டுச் செடியிலேயே ஆறு இடங்களைத் திருத்திக் காயை மூன்று மடங்கு பெரிதாக்கினார்கள். 2024-இல் ஹுவாங் குழு, சர்க்கரை சேர்வதைத் தடுக்கும் இரண்டு மரபணுக்களைச் செயலிழக்க வைத்தது. காய் எடையும் மகசூலும் குறையாமல் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் 30 விழுக்காடு வரை கூடின. விதைகள் மட்டும் எண்ணிக்கையிலும் எடையிலும் கொஞ்சம் குறைந்தன. இலைக் கணக்கைக் காட்டி நான் பயமுறுத்திய அளவுக்கு நிலைமை மோசமில்லை என்பதற்கு அது சாட்சி. வீட்டுத் தோட்டத்தில் உங்களுக்கு அது கைக்கெட்டாது. ஆனால் உங்கள் 50 கிராம் பழத்தின் விதை கைக்கெட்டும். ஒவ்வொரு பழத்தின் விதையையும் தனித்தனி உறையில் போட்டு, செடி எண்ணையும் எடையையும் ருசியைப் பற்றி இரண்டு சொல்லையும் மேலே எழுதி வையுங்கள். அடுத்த பட்டத்தில் விதைத்த பிறகு, பூவில் இதழ் எண்ணும்போது மறுபடி பேசுவோம்.